ஒரே பாஷை, இரண்டு கணக்கு

சென்ற மாதம் ஓர் இளம் வியாபாரி மன்னாரில் உள்ள என் கடைக்கு வந்தார். சிலாவத்துறைப் பக்கத்தைச் சேர்ந்தவர். சொந்தமாகப் புடவைக்கடை திறக்கப் போகிறார். சாமான் வாங்க முதன்முறையாக இந்தியா போவதற்கு டிக்கட்டும் எடுத்துவிட்டார். "ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா தம்பி?" என்று கேட்டேன். "என்ன நானா தெரிஞ்சுகொள்ள இருக்கு? சீனாவுக்குப் போறவங்கதான் பாஷை தெரியாமக் கஷ்டப்படணும். நான் தமிழ் ஊருக்குத்தானே போறேன்" என்றார்.

நானும் இருபது வருடங்களுக்கு முன் இதையேதான் சொன்னேன். அந்த எண்ணத்தால் ஒரு பெருநாள் வியாபாரத்தையே இழந்தேன். அன்று அவரோடு உட்கார்ந்து பேசியதை, அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இந்த வாரம் எழுதுகிறேன்.

சீனாவின் குவாங்சோவுக்கும் யிவூவுக்கும் நம்மவர்கள் போய் வருகிறார்கள். அங்கே கடைக்காரருக்கு நம் பாஷை தெரியாது. நமக்கு அவர் பாஷை தெரியாது. ஆகவே அவர் கல்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவார். நாம் அதை அழித்து நம் விலையைத் தட்டுவோம். நிறம், அளவு, எண்ணிக்கை, அனுப்பும் திகதி எல்லாம் தாளில் ஏறும். தெரியாது என்பதால் எதையும் இரண்டு தடவை கேட்போம். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. அவர் பேசுவது நமக்கு விளங்குகிறது, நாம் பேசுவது அவருக்கு விளங்குகிறது என்று இருவரும் நினைத்துக்கொள்வோம். எதையும் எழுத மாட்டோம், இரண்டாம் முறை கேட்கவும் மாட்டோம். பிழை அங்கேதான் நுழைகிறது.

கடல் சிறியது

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். மன்னாரிலிருந்து மதவாச்சி போவதைவிடக் குறைந்த தூரம். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியது. சென்னையில் ரயில் ஏறியவர் கப்பல் மாறி, மறுபடி ரயில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு, கப்பல் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. எங்கள் வாப்பா போய் வந்தது அந்த நாட்களில் ஓடிய 'இராமானுஜம்' கப்பலில். 1984இல் அதுவும் நின்றது.

தலைமன்னார்வரை ரயில் 2015 மார்ச்சில் திரும்ப வந்துவிட்டது. கப்பலைப் பற்றி மட்டும் பேச்சுவார்த்தை கேட்டுக் கேட்டே எங்களுக்கு வயதாகிவிட்டது. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 ஒக்டோபரில் ஒரு கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. மற்றபடி நாங்கள் பெரும்பாலும் கொழும்புக்குப் போய்ச் சென்னைக்கோ திருச்சிக்கோ விமானம் ஏறுகிறவர்கள். கண்ணுக்கு எதிரே இருக்கும் கரைக்கு இப்படிச் சுற்றித்தான் போகிறோம்.

இந்தக் கடலைத் தாண்டுகிறவர் சிறு விடயங்களைக் கவனிப்பது புதிதல்ல. 1344இல் இப்னு பதூதா நம் கரைக்கு வந்தபோது அவர் குறித்து வைத்தவற்றில் பாதி, ஒரு வியாபாரி குறித்து வைக்கக் கூடியவை. ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்ததையும், அக்கரைக்காரர்கள் விலை கொடுக்காமல் அதை ஏற்றிச் சென்று, பதிலுக்கு அரசருக்குத் துணி கொடுத்ததையும் எழுதியிருக்கிறார். அந்த அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்பதையும் விடவில்லை. எங்கே எது விலை, எது மரியாதை, எந்தப் பாஷையில் பேசலாம் என்பதை முதலில் பார்த்திருக்கிறார். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

சொல் ஒன்று, பொருள் இரண்டு

முதற் பாடம் எனக்குச் சென்னையில் இறங்கிய மறுநாளே கிடைத்தது. மண்ணடியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தேன். வாசலில் நின்றவரிடம் "புடவை மொத்தமா எங்க எடுக்கலாம்?" என்று கேட்டேன். அவர் காட்டிய தெருவில் சேலையைத் தவிர வேறெதுவும் இல்லை. நமக்குப் புடவை என்றால் எல்லாத் துணியும் அடங்கும். அங்கே புடவை என்றால் சேலை மட்டும். அவர்கள் துணிக்குச் சொல்வது ஜவுளி. இதனால் பெரிய நட்டமில்லை, அரை நாள் அலைச்சல்தான்.

ஓட்டோக்காரர் ஒருவரிடம் "சரக்கு வாங்கணும்" என்றபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மதுக்கடையின் பெயரைச் சொன்னார். தலையில் தொப்பியோடு நின்ற எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். மொத்தக் கடைகளுக்குள்ளே சரக்கு என்றால் சாமான்தான். தெருவில் அதற்கு வேறு பொருள் வந்துவிட்டது.

அடுத்தது திருப்பூர். ஒரு பனியன் மொத்த வியாபாரியிடம் விலை பேசி முடித்தபின், "எவ்வளவு கழிவு தருவீங்க?" என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. "கழிவா? எங்க சரக்குல கழிவே கிடையாதுங்க பாய். வேணும்னா பிரிச்சுப் பாருங்க" என்று கட்டைத் தூக்கி முன்னே போட்டார். நான் கேட்டது விலைக்கழிவு. அவர் காதில் விழுந்தது வேண்டாத எச்சம், பழுதான துணி. அங்கே நாம் கேட்க வேண்டிய சொல் தள்ளுபடி. அதன்பிறகு அவர் தள்ளுபடி தந்தாரா என்றால், தரவில்லை. சரக்கைக் குறை சொன்ன ஆள் என்று மனதில் வைத்துவிட்டார்.

எனக்குப் பெரிய அடி விழுந்தது 'கிழமை' என்ற சொல்லில்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டியிலிருந்து எங்கள் குடும்பமும் புத்தளம் போய்ச் சேர்ந்தது. வாப்பாவின் கடையும், கடன் எழுதிய கணக்குப் புத்தகமும் மன்னாரிலேயே போயின. புத்தளத்தில் எங்களை அறிந்தவர் யாருமில்லை. கடன் கேட்கவும் முகமில்லை. சிறுகச் சிறுகக் கட்டி எழுப்பிய ஒரு சிறு கடையை வைத்துக்கொண்டுதான் 2003இல் முதன்முதலாக இந்தியா போனேன். ஈரோட்டில் ஒரு மொத்த வியாபாரி, என்னை அன்றுதான் பார்த்தவர், பாதிக் காசுக்குச் சரக்குத் தந்தார். மீதியை எப்போது தருவேன் என்று கேட்டதற்கு, "ரெண்டு கிழமையில வந்து சேரும்" என்றேன். சரி என்றார்.

நமக்குக் கிழமை என்றால் ஏழு நாள். அவர்களுக்கு அது வாரம். கிழமை என்பது அங்கே ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை என்று நாளுக்குத்தான் வழங்குகிறது. இரண்டு கிழமை என்றதை அவர் இரண்டு நாள் என்று எடுத்துக்கொண்டார். நான் சரியாகப் பதினான்காம் நாள் வங்கி மூலம் காசை அனுப்பினேன். சொன்ன நாளில் கொடுத்துவிட்டேன் என்ற பெருமை எனக்கு. சொன்ன நாளைப் பன்னிரண்டு நாள் தாண்டியவன் என்ற கணக்கு அவருக்கு. அவர் ஒரு தடவைகூட எடுத்துக் கேட்கவில்லை. மனதில் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அடுத்து நோன்புப் பெருநாளுக்கென்று பெரிய ஓடர் கொடுத்தேன். முற்பணமும் அனுப்பினேன். "அனுப்பறோம், அனுப்பறோம்" என்றார்கள். மீதி முழுவதும் கைக்கு வராமல் சரக்கை வெளியே விட அவர் தயாராக இல்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சரக்கு வந்தபோது பெருநாள் முடிந்து பத்து நாள். பெருநாள் துணியைப் பெருநாளுக்குப் பிறகு யார் வாங்குவார்? அந்த வருட லாபம் முழுவதும் அந்தப் பொதிகளில் கரைந்தது. எனக்கு அவர்மேல் கோபம், அவருக்கு என்மேல் சந்தேகம்.

இதை அவிழ்த்துவிட்டவர் கீழக்கரையைச் சேர்ந்த ஒரு தரகர். முன்பு கொழும்பில் இருந்தவர், இரண்டு பேச்சும் அறிந்தவர். அடுத்த முறை போனபோது எங்கள் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார். ஈரோட்டுக்காரர் சொன்னார்: "ரெண்டு நாள்ல தர்றேன்னு சொல்லிட்டுப் பன்னெண்டு நாள் கழிச்சு அனுப்புனாருங்க. அடுத்த தடவை எப்படிங்க நம்பறது?" தரகர் சிரித்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரச் சற்று நேரம் பிடித்தது. அந்த மனிதரோடு இன்றுவரை எனக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆனால் அந்தப் பெருநாள் திரும்பி வரவில்லை.

இன்னும் சில சொற்களை மனதில் வையுங்கள். நாம் 'கெதியா அனுப்புங்க' என்றால் அவர்களுக்கு விளங்காது. 'சீக்கிரம்' என்று சொல்ல வேண்டும். 'சுணங்கும்' என்றாலும் விளங்காது. 'ஆறுதலா அனுப்புங்க' என்றால் துக்கம் விசாரிக்கிறோமா என்று பார்ப்பார்கள். அவர்களுக்கு ஆறுதல் என்பது தேற்றுவது. சர்க்கரை என்றால் நமக்குப் பழுப்பு நிறச் சர்க்கரை. அங்கே பல ஊர்களில் அது வெள்ளைச் சீனி. கறி என்றால் நமக்குப் பருப்பும் கறி, கத்தரிக்காயும் கறி. அங்கே பெரும்பாலும் இறைச்சியைத்தான் சொல்வார்கள்.

அதேநேரம் கீழக்கரை, காயல்பட்டினம் போனால் வீட்டுக்குள் வாப்பா, உம்மா, ஆணம் என்ற சொற்களைக் கேட்டு நம் ஊர்தானோ என்று தோன்றும். அங்கிருந்து உள்நாட்டுக்குப் போனால் வாப்பா அத்தாவாகிவிடுவார். நம்மை நானா என்று அழைக்க அங்கே யாருமில்லை. எல்லோருக்கும் நாம் பாய்தான். அதை மரியாதையாகவே சொல்கிறார்கள். தவறாக எடுக்க வேண்டாம்.

எண்ணும் அளவும்

சொல்லாவது கேட்டால் திருந்தும். எண்ணில் வரும் பிழை நேரே பையைத் தொடும்.

முதலாவது, காற்புள்ளி. நாம் ஒரு இலட்சத்து இருபத்தையாயிரத்தை 125,000 என்று எழுதுவோம். அவர்கள் 1,25,000 என்று எழுதுவார்கள். பத்து இலட்சம் நம் வங்கித் தாளில் 1,000,000. அவர்கள் பில்லில் 10,00,000. அவசரத்தில் பார்க்கும்போது ஒரு பூச்சியம் கூடவோ குறையவோ தெரியும். மில்லியன் என்று சொன்னால் அங்குள்ள சாதாரண வியாபாரி கணக்குப் பார்க்க நேரமெடுப்பார். இலட்சம், கோடி என்றே பேசுங்கள். எழுதும்போது எண்ணை எழுத்திலும் எழுதுங்கள்.

இரண்டாவது, ரூபா. இருவர் காசுக்கும் ஒரே பெயர். நேரில் பேசும்போது குழப்பமில்லை. தொலைபேசியில் 'முந்நூறு ரூபா' என்று பேச்சு வரும்போதுதான் வம்பு. அது அவர் ரூபாயா, நம் ரூபாவா? 2021இல் ஓர் இந்திய ரூபாய்க்கு நம் காசு மூன்று ரூபாவும் ஆகவில்லை. 2022 நெருக்கடிக்குப் பின் அது மூன்றைத் தாண்டிவிட்டது. வித்தியாசம் சிறிதல்ல. 'இந்திய ரூபாய்' என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்வதில் வெட்கமில்லை.

மூன்றாவது, துணி அளவு. நம்மில் பலர் இன்னும் 'யார்' கணக்கில் பேசுகிறோம். அங்கே "நூறு யார் வேணும்" என்றால், "யாருங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர்கள் பேசுவது மீற்றர். 100 யார் என்பது 91.44 மீற்றர்தான். மீற்றர் விலையை யார் விலை என்று நினைத்து ஊரில் லாபக் கணக்குப் போட்டு வைத்தால், நூற்றுக்கு எட்டரைப் பங்கு கணக்குத் தவறும். நம் வியாபாரத்தில் சில சமயம் லாபமே அவ்வளவுதான்.

நான்காவது, பில். அங்கே 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வரி நடைமுறையில் உள்ளது. கடைக்காரர் சொல்லும் விலை வரியோடு சேர்த்தா, வரி இல்லாமலா என்று முதலிலேயே கேளுங்கள். நாம் சாமானைக் கப்பலிலோ விமானத்திலோ பொதியாக எடுப்பதானால், விற்பவரிடம் ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண் இருக்கிறதா, ஏற்றுமதி பில் போட்டுத் தருவாரா என்பதைக் காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டும். 'பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்' என்பவரிடம் வாங்கினால், கொழும்புச் சுங்கத்தில் அந்தக் குறைவு நம் தலையில் கூடுதலாக ஏறும்.

கையில் காசு

முதன்முறை போகிறவரைத் திகைக்க வைப்பது தேநீர்க் கடை. பத்து ரூபாய்த் தேநீருக்கும் கைத்தொலைபேசியைக் காட்டிக் காசு கொடுக்கிறார்கள். 2016இல் வந்த யூ.பி.ஐ. முறை மரக்கறிக் கூடைவரை பரவிவிட்டது. அது சாதாரணமாக இந்திய வங்கிக் கணக்கோடு இணைந்தது. நம்மிடம் 500 ரூபாய்த் தாள் இருக்கும், அவரிடம் சில்லறை இருக்காது. ஆகவே பெரிய கடையில் மாற்றும்போதே சிறிய தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். 2024 பெப்ரவரி முதல் இந்தியப் பயணிகள் நம் நாட்டிலும் அந்த முறையில் காசு செலுத்த வழி செய்யப்பட்டிருக்கிறது. உல்லாசப் பயணிகள் வரும் இடங்களில் கடை வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் வங்கியில் விசாரிப்பது நல்லது.

மிச்சமான இந்தியத் தாள்களை 'அடுத்த பயணத்துக்கு' என்று அலுமாரியில் வைக்கும் பழக்கமும் நமக்கு உண்டு. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது என் அலுமாரியிலும் ஒரு கட்டு இருந்தது. 2023 மே மாதம் 2,000 ரூபாய்த் தாளையும் புழக்கத்திலிருந்து மீளப் பெறப்போவதாக அறிவித்தார்கள். அந்நியத் தாளை வீட்டில் சேர்க்காதீர்கள்.

நேரமும் நாளும்

1996இல் நாம் கடிகாரத்தை மாற்றியதால் இந்தியாவோடு நேரம் வேறுபட்டிருந்தது. 2006 ஏப்ரலில் பழையபடி ஆனது. இப்போது இரு கரைக்கும் ஒரே மணி. ஆனால் ஒரே மணி என்றாலும் ஒரே நேரம் அல்ல.

ஈரோட்டில் ஒரு முஸ்லிம் வியாபாரி, "அஸருக்கு அப்புறம் வாங்க பாய், பேசி முடிச்சிடலாம்" என்றார். நான் நம் கணக்கில் அஸர் நேரம் வந்ததும் தொழுதுவிட்டு அவர் கடை வாசலில் போய் நின்றேன். ஒரு மணி நேரம் காத்தேன். மதிக்கவில்லையே என்று மனம் கசந்துவிட்டது. திரும்பி நடக்கும்போதுதான் பள்ளியில் அஸர் பாங்கு கேட்டது. நாம் ஷாஃபிஈ. தமிழ்நாட்டில் கடற்கரை ஊர்கள் பலவற்றில் நம்மைப் போலத்தான். உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி. அவர்களுடைய அஸர் நேரம் நம்முடையதைவிட முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை பிந்தித் தொடங்கும். அவர் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை, நான்தான் முந்திவிட்டேன். அன்றிலிருந்து தொழுகையை வைத்து நேரம் பேசினாலும் மணியையும் சேர்த்துக் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை நமக்கு ஜும்ஆவோடு பாதி நாள். அங்கே இந்து வியாபாரிகள் சிலர் வெள்ளிக்கிழமை காசை வெளியே கொடுக்க விரும்ப மாட்டார்கள். விளக்கு வைத்தபின் கொடுக்கவும் தயங்குவார்கள். நமக்கு வரவேண்டிய மீதிக் காசோ, திருப்பித் தரும் முற்பணமோ இருந்தால் வியாழன் பகலிலேயே கேளுங்கள். ஆயுத பூஜை, பொங்கல் நாட்களில் பட்டறையும் கிடங்கும் மூடியிருக்கும். ஈரோட்டின் அப்துல் கனி ஜவுளிச் சந்தை திங்கள் மாலை தொடங்கிச் செவ்வாயோடு முடியும் வாரச் சந்தை. புதன்கிழமை போய் நின்றால் பயணம் வீண்.

நம் பக்கத்தையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாதந்தோறும் வரும் போயா தினத்தில் நம் வங்கிகள் மூடும் என்பது அங்குள்ளவருக்குத் தெரியாது. 'ஏன் இன்று காசு ஏறவில்லை?' என்று கேட்பார். ஆண்டுத் தொடக்கத்திலேயே போயா திகதிகளை எழுதி அனுப்பிவிடுங்கள். பெருநாளும் அப்படித்தான். இங்கே பிறை முடிவு கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து வரும். அங்கே தலைமை காஜி அறிவிப்பார். இரு கரையிலும் ஒரே நாளில் பெருநாள் வராத வருடங்கள் உண்டு. தவிரவும் சந்தையில் அவர்கள் ரம்ஜான், பக்ரீத் என்பார்கள். நாம் சொல்லும் ஹஜ்ஜுப் பெருநாள் சரக்கு என்பது முஸ்லிம் அல்லாத வியாபாரிக்கு உடனே பிடிபடாது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. டுபாயில் பல வருடம் வெள்ளி, சனி விடுமுறை. 2022 ஜனவரி முதல் அரச அலுவலகங்களில் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள் என்று மாற்றினார்கள். பழைய நினைப்பில் ஞாயிறு காலை அலுவலகம் தேடிப் போனால் கதவு மூடியிருக்கும்.

கடைக்குள்ளே

மொத்த ஜவுளிக் கடைகள் பலவற்றில் தரையில் வெள்ளை மெத்தை விரித்திருப்பார்கள். செருப்பைக் கழற்றாமல் கால் வைத்தால் வியாபாரம் பேசுமுன்பே மதிப்புப் போய்விடும். காலை முதல் விற்பனையை 'போணி' என்பார்கள். அந்த நேரத்தில் விலையை அடிமட்டத்துக்கு இழுத்துவிட்டு, வாங்காமல் எழுந்து போவது மிகவும் மனக்கசப்பைத் தரும். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் காலையில் முதல் ஆளாகப் போகாதீர்கள்.

தேநீர் வரும். சின்னஞ்சிறு கப்பில் பால் கலந்துதான் வரும். பிளேன்டி வேண்டுமானால் 'பால் இல்லாத டீ' என்று தனியாகச் சொல்ல வேண்டும். முற்பணம் கொடுக்கும்போது 5,000க்குப் பதிலாக 5,001 என்று ஒரு ரூபாயைச் சேர்த்துக் கொடுப்பதைச் சிலர் விரும்புவார்கள். இதை ஏன் என்று விவாதிக்க வேண்டியதில்லை.

தங்குவதும் திரும்புவதும்

லாட்ஜில் நம் பேச்சைக் கேட்டுவிட்டு முதலில் அறை உண்டு என்பார்கள். கடவுச்சீட்டைப் பார்த்ததும் இல்லை என்பார்கள். இதை அவமானமாக எடுக்காதீர்கள். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். சிறிய இடங்கள் அந்தச் சிரமத்துக்குப் பயப்படுகின்றன. முன்கூட்டியே 'இலங்கைக் கடவுச்சீட்டு' என்று சொல்லி அறை பேசுங்கள். வியாபாரத்துக்குப் போகிறவருக்கென்று தனி மின்விசா இருக்கிறது. அதையே எடுங்கள்.

கடைசியாக ஒன்று. அங்கே 'குருவி' என்று சிலரைச் சொல்வார்கள். பறவை அல்ல, பிறருடைய சாமானைக் கூலிக்குச் சுமந்து நாடு கடப்பவர். நாம் கிளம்பும் அன்று, நம்ம ஊர்க்காரர், நம்ம மார்க்கம் என்று பேச்சுக் கொடுத்து, "இந்தச் சின்னப் பார்சலைக் கொழும்பில் ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்" என்று நீட்டுவார்கள். உள்ளே என்ன என்பது நமக்குத் தெரியாது. பிடிபட்டால் பெட்டி யார் கையிலோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். முகத்துக்காக எதையும் வாங்காதீர்கள். இருபது வருடத்தில் நான் ஒரு தடவையும் வாங்கவில்லை. சிலர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்; பரவாயில்லை.

அவர்கள் இங்கே வரும்போது

ஈரோட்டிலிருந்து எனக்குத் தெரிந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் மன்னார் வந்தார். வீட்டில் விருந்து. மன்னாருக்கு வந்தவருக்கு நண்டு கொடுக்காமல் அனுப்புவதா என்று பெரிய நண்டாகத் தேடி வாங்கிச் சமைத்தோம். அவர் அந்தப் பாத்திரத்தைத் தொடவே இல்லை. சமையல் பிடிக்கவில்லையோ என்று வீட்டில் ஒரே கவலை. பிறகு மெதுவாகச் சொன்னார், ஹனஃபிகள் நண்டு உண்பதில்லை என்று. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுகிறவர்கள், ஒரே தமிழைப் பேசுகிறவர்கள். ஒரு வார்த்தை முதலில் கேட்டிருந்தால் அவர் வயிறு நிறையச் சாப்பிட்டிருப்பார்.

என் வாப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அக்கரையில் யாரோடு பேசி முடித்தாலும், எழும்புமுன், "அப்ப நான் விளங்கினதைச் சொல்றேன், சரியா பாருங்க" என்று எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிச் சொல்வாராம். எத்தனை, என்ன விலை, யாருடைய ரூபா, எந்தத் திகதி என்று. சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். 2003இல் ஈரோட்டில் அப்படி ஒரு தடவை, 'ரெண்டு கிழமை, அதாவது பதினாலு நாள்' என்று சொல்லியிருந்தால், அந்தப் பெருநாளுக்கு என் கடையில் துணி இருந்திருக்கும்.

சிலாவத்துறைத் தம்பிக்கு ஒரு சிறு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் 'கழிவு – தள்ளுபடி, கிழமை – வாரம், யார் – மீற்றர்' என்று நானே எழுதினேன். மீதிப் பக்கங்களை அவர் போய் நிரப்பிக்கொண்டு வரட்டும்.